காது வைத்தால் மட்டும் வரும் மிஸ்ஸிங்

ஜனவரி 9

என் அக்கா பெற்றெடுத்த அறிவுக் களஞ்சியமே, மருமகளே,

இங்கே நானும் உன் அத்தையும் ஐஸ் தொழிற்சாலையின் பட்டத்து யானையாகிய கேஸ் இன்ஜினும் சுகம். அங்கே நீயும் உன் ஆராய்ச்சிக்கூடமும் சுகந்தானே. சாப்பிட்டாயா என்று அத்தை கேட்கிறாள். அவள் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். ஒரு தடவை எழுதிவிட்டேன், மற்ற தடவைகளை நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

உன் மின்னல் பெட்டிகள் வந்து சேர்ந்தன. வாசலிலேயே முதலாளி மறித்துக்கொண்டார்.

"என்னய்யா இது, வெடிகுண்டு மாதிரி இருக்கு?"

"வெடிகுண்டுதான் முதலாளி. ஓயாம வெடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேருதான் இன்ஜின்."

இத்தனை வருடமாக இன்ஜின் வைத்துப் பிழைக்கிற மனிதர், அதற்குள்ளே வெடிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல இரண்டடி பின்வாங்கினார். "உன்னை நம்பித்தான் விடுறேன். ஐஸ் உருகுச்சுன்னா உன்னை உருக்கிடுவேன்" என்றார். அவர் மிரட்டுவது வழக்கம், நான் வணங்குவது வழக்கம். இரண்டும் நடந்தன.

நீ அனுப்பிய ஆட்கள் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, உன் இக்னைட்டர்களை மாட்டினார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் காயில் என்கிற ஒரு கம்பிச் சுருள், கிரீடம் வைத்த மாதிரி. கிளப்பினேன். என்ன சொல்வேன் மருமகளே, அவ்வளவு சீரான சத்தம். பரம்பரையாகக் காது கேளாமல் இந்தக் கூரையில் குடியிருக்கும் புறாக்கள், முதல் தடவையாக ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்டு, குடும்பச் சண்டை போட ஆரம்பித்துவிட்டன.

போனில் சொல்லலாமே என்கிறாய். போனில் என் பெருமைகளை நீ பாதியிலேயே வெட்டிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் வெட்ட முடியாது.

இப்படிக்கு,
சகல இன்ஜின்களின் சக்கரவர்த்தி, ஆறு சிலிண்டர்களின் தனியரசன்,
உன் மாமா

&nbsp;

ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று உண்மை. உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது?

புறாக்களுக்காகச் சந்தோஷம். ஆனால் நான் தூங்கிச் சில நாட்கள் ஆகின்றன. ஏன் என்று உங்களிடமாவது சொல்கிறேன். கேஸைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் எரிபொருள் மிச்சம், புகையில் நஞ்சும் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்படி மெலிந்த கலவை ஈர விறகு மாதிரி. சாதாரண பிளக்கின் ஒற்றைப் பொறிக்கு அது பற்றாது. எங்கள் இக்னைட்டர் மின்சாரத்தை மிக மிகக் குறுகிய நேரத்துக்குள் அடைத்து ஒரே அறையாக அறைகிறது. பொறிக்குப் பதிலாக ஊதா நிறத்தில் கிளை கிளையாகப் பிளாஸ்மா விரிந்து, பல இடங்களில் ஒரே சமயத்தில் தீ பிடிக்கிறது. கூடத்தில் அழகாக எரிகிறது. வெளியே, நிஜமான தொழிற்சாலையில், லோடு ஏறி இறங்கும்போது எரியுமா என்பதுதான் கேள்வி.

ஏப்ரல் கடைசிவரை உங்கள் இன்ஜின் மிஸ்ஸிங் இல்லாமல், ஒரு வெடிப்புகூடத் தவறாமல் ஓட வேண்டும். இல்லையென்றால் இயக்குநர் எங்கள் குழுவையே கலைத்துவிடுவார். நாங்கள் அவரைக் கத்தரிக்கோல் என்போம். காரணம் புரிந்திருக்கும். வேறு எந்தத் தொழிற்சாலையும் இடம் கொடுக்கவில்லை மாமா. உங்களுக்காகத்தான் உங்கள் முதலாளி சரி என்றார்.

புகைக்குழாயில் வைத்திருக்கும் வெப்பமானி ஒரு சோம்பேறி. ஒன்றிரண்டு மிஸ் ஆனால் அதற்குத் தெரியாது. உங்கள் காதுக்குத் தெரியும். கம்ப்ரஸர் நின்று லோடு குறையும்போது, வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. டிசம்பரில் போன் செய்தபோது நீங்கள் ஊருக்குப் போயிருப்பதாக அத்தை சொன்னாள். உங்களுக்கு எது மாமா வேறு ஊர்?

அன்புடன்,
உங்கள் மருமகள்

&nbsp;

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். உன் முழங்கால் வலி என் விரோதிகளுக்குப் போகட்டும். எனக்கு விரோதிகள் இல்லை, ஆகையால் அது காற்றில் அலையட்டும்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. டிசம்பரில் நான் எந்த ஊருக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். தொழிற்சாலைப் படியில் கண் இருட்டி உட்கார்ந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, முதலாளி அன்றைக்கு வெளியூர். டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார்.

"உங்க இதயத்துல மேல இருந்து கீழே தகவல் சரியாப் போகலை."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் வைத்துத் தைத்துவிட்டார். இதயம் அடிக்க மறந்தால் அது தட்டி எழுப்புமாம். உன் தம்பி இனிமேல் பாதி மனிதன், பாதி இயந்திரம். தேவர்களும் பொறாமைப்படும் பிறவி.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். இன்ஜின் என்று சொன்னால் ஓய்வெடு, ஒதுங்கு என்று ஏதாவது ஆரம்பித்துவிடுவார்கள். "ஐஸ்" என்றேன். "நல்லது, குளிர்ச்சியான இடம்" என்று எழுதிக்கொண்டார்.

அக்கா, இது உன் மகளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மாமனுக்கு உடம்பு சரியில்லை என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாள். கழற்றினால் அவள் வேலை போச்சு. முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போச்சு. உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள். கை எட்டாததால் கடிதத்தில் அடிக்கிறேன்.

உன் தம்பி
(பட்டங்கள் இல்லை. உன்னிடம் செல்லாது.)

&nbsp;

பிப்ரவரி 6

மின்னலைக் குப்பியில் அடைத்த மருமகளுக்கு,

நாங்கள் நலம். அத்தை கேட்பதை நீயே போட்டுக்கொள். நான் போன ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது ஒரு சிறிய ஊர், எல்லாம் வெள்ளையடித்த சுவர்கள், சாப்பாடு உப்புச் சப்பில்லாதது. விட்டுவிடு.

உன் கட்டளைப்படி யானையின் நெஞ்சில் காது வைத்தேன். என் வலது காது இருபது வருடத்துக்கு முன்பே இன்ஜின்களுக்குக் காணிக்கையாகிவிட்டது உனக்குத் தெரியும். எனவே இடது காதுதான். ஸ்க்ரூடிரைவர் முனையைச் சிலிண்டர் ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, இன்ஜின் மேல் சாய்ந்து கிடந்தேன். பார்த்தவர்கள் நான் அதைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்று, இரண்டு, பழுதில்லை. மூன்றாவதில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சத்தம் சட்டென்று விட்டுப்போனது. தடதடவென்று போய்க்கொண்டிருந்தது ஏதோ பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். உடனே சரியாகிவிட்டது. மறுபடி சாய்ந்தேன். மறுபடி அதே.

மிஸ்ஸிங்தான் மருமகளே. மறைக்க மனம் வரவில்லை. நீ பொய்ப் பாராட்டு கேட்கவில்லை, என் காதைக் கேட்டாய்.

கவலைப்படாதே. இந்த மாமன் இருக்கும்வரை கத்தரிக்கோல் மொட்டைதான்.

இப்படிக்கு,
மூன்றாம் சிலிண்டரின் முதல் எதிரி, காதொன்றால் கோட்டை பிடித்தவன்,
மாமா

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கத்தரிக்கோலிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயம். "உங்க மாமா காது எவ்வளவு நம்பகம்?" என்று கேட்டார். "எங்க வெப்பமானியை விட அதிகம்" என்றேன். "அப்போ சங்கதி மோசம்தான்" என்று கையெழுத்துப் போட ஏதோ காகிதத்தை எடுத்தார். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கே தவறு என்று தெரியவில்லை. இக்னைட்டரின் மின் துடிப்பின் பலத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்புத் திருகை ஒரு கோடு மேலே வையுங்கள். இத்துடன் ஒரு புதிய பதிவுக் கருவியும் அனுப்புகிறேன். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதை ஒவ்வொரு வெடிப்புக்கும் பதிவு செய்யும். ஒன்றைக்கூட விடாது. அதன் மெமரி கார்டை மட்டும் கழற்றித் தபாலில் போடுங்கள்.

அதுவரை உங்கள் காதைத்தான் நம்பியிருக்கிறேன். அவசரப்படாமல், ஒவ்வொரு சிலிண்டரிலும் இன்னும் அதிக நேரம் கேளுங்கள் மாமா. நன்றாக ஒட்டிக் கேளுங்கள்.

மருமகள்

&nbsp;

பிப்ரவரி 22

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது.

நீ கிழிக்கச் சொன்னதைக் கிழித்துவிட்டேன். கிழித்தால் மறந்துபோகுமா? பொண்ணு நேற்று வந்திருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. "மாமா பொய் சொல்ல மாட்டாரும்மா, ஆயிரம் அளப்பாரு, இன்ஜின் விஷயத்துல மட்டும் அளக்க மாட்டாரு" என்றாள். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. உன் சத்தியத்தை நினைத்து முழுங்கிக்கொண்டேன்.

உடம்பைப் பற்றி ஒரு வரி ஒழுங்காக எழுது. தேவர்கள் பொறாமைப்படுவது இருக்கட்டும். தலை சுற்றல் இப்போது இல்லையே?

அக்கா

&nbsp;

மார்ச் 5

மருமகளுக்கு,

அத்தை நலம். நான் நலம் என்பதை அத்தையிடம் நிரூபித்துக்கொண்டே இருக்கிறேன்.

சிவப்புத் திருகை ஏற்றினேன். இப்போது உன் மின்னல், பயில்வான் மின்னல். ஆனால் மிஸ்ஸிங்கும் பயில்வானாகிவிட்டது. முன்பு மூன்றாவது சிலிண்டரில் மட்டும்தான் என்று நினைத்தேன். இல்லை. மூன்றில் காது வைத்தால் மூன்றில் மிஸ். ஐந்தில் வைத்தால் ஐந்தில். காதை எடுத்தால் எதிலும் இல்லை. இந்த யானைக்கு என்மேல் என்ன வெட்கமோ, நான் நெருங்கினால் மட்டும் மூச்சை அடக்குகிறது.

நேற்று நீ சொன்னபடி நன்றாக ஒட்டி அதிக நேரம் கேட்டேன். சத்தம் குறைந்துகொண்டே போய் முழு இன்ஜினும் நின்றே விட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்ப்ரஸர்காரனைக் கூப்பிட்டேன். குளிர் அறையிலேயே வாழ்ந்து வாழ்ந்து உடம்பெல்லாம் பெருத்தவன், பனிக்கரடி என்போம். அவனும் காது வைத்தான்.

"ஒண்ணும் இல்லையேண்ணே. கல்யாண வீட்டு மேளம் மாதிரி போகுது."

"நல்லாக் கேளுடா."

"கேட்டுட்டேன். மிஸ்ஸிங் இன்ஜின்ல இல்லை. உங்க முகத்துலதான் இருக்கு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு. போய் டீ குடிங்க."

அவனுக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. அதிலிருந்து மூளைக்குப் போக வழிதான் இல்லை.

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் நாலாவது சிலிண்டரை ஒரு கை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
யானையால் அவமதிக்கப்பட்ட பாகன்,
மாமா

&nbsp;

மார்ச் 24

மாமா,

இது நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதலாவதற்குப் பதில் இல்லை. போன் செய்தால் அத்தை எடுத்து "மாமா குளிக்கிறார்" என்கிறாள். காலையில் குளிக்கிறார், மத்தியானம் குளிக்கிறார், சாயங்காலமும் குளிக்கிறார். ஒரு மனிதர் எத்தனை தடவைதான் குளிப்பார்? என்மேல் கோபமா? உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றா?

கார்டைப் பார்த்துவிட்டேன். மறுபடி மறுபடி பார்த்தேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மிஸ்கூட இல்லை மாமா. லோடு இறங்கியபோதும் இல்லை. நீங்கள் முழு இன்ஜினும் நின்றுவிட்டது என்று எழுதினீர்களே, அந்த நாளின் பதிவை நிமிஷம் நிமிஷமாகப் பார்த்தேன். ஆறு சிலிண்டரும் மணி மணியாக எரிந்திருக்கின்றன.

இங்கே எல்லோரும் கொண்டாடுகிறார்கள். "மாமாவுக்கு வயசாச்சு, காது போச்சு" என்கிறார் கத்தரிக்கோல், முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு. என்னால் சிரிக்க முடியவில்லை. உங்கள் காதை எனக்குத் தெரியும். நீங்கள் இல்லாத ஒன்றைக் கேட்க மாட்டீர்கள். காதை வைத்தால் மட்டும் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது, பனிக்கரடிக்கு வரவில்லை, துடிப்பைக் கூட்டினால் கூடுகிறது. இது என்ன மிஸ்ஸிங்? எங்கே மிஸ் ஆகிறது?

டிசம்பரில் நீங்கள் போன அந்த வெள்ளைச் சுவர் ஊரை நினைத்தால் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அதை எழுதக் கை வரவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

தயவுசெய்து நாலாவது சிலிண்டருக்குப் போகாதீர்கள்.

மருமகள்

&nbsp;

மார்ச் 29

மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி, ஒரு வரியில் பதில் சொல்கிறேன். ஆமாம், டிசம்பரில் உன் மாமாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். இடது பக்கம். அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். உடைத்துவிட்டேன், பாவம் எனக்கு.

எந்தப் பக்கம் என்று ஏன் கேட்டாய்? உன் அத்தை எனக்கும் குளிக்கிறார் என்றுதான் சொல்கிறாள். நாளைக் காலை பஸ்ஸில் அங்கே போகிறேன்.

அம்மா

&nbsp;

ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா அங்கே வந்து சேர்ந்த அன்றைக்குப் போனில் நான் பேசியதில் பாதி அழுகை, மீதி திட்டு. எதுவும் உங்களுக்குப் புரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். நாலாவது சிலிண்டரில் மயங்கி விழுந்தபோது போட்ட பின்தலைத் தையல் பிரித்தாயிற்று, நடக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னால் நம்புகிறேன். அத்தையை இனிமேல் நம்பமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குள் இருக்கும் பெட்டி சும்மா தட்டிக்கொண்டே இருப்பதில்லை மாமா. முதலில் கேட்கும். இதயம் தானாக அடித்தால் பேசாமல் இருக்கும், அடிக்காவிட்டால்தான் தட்டும். எங்கள் காயிலிலிருந்து மின் துடிப்பு வெளியே கசிகிறது. தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் இடது காதை வைத்துச் சாய்ந்தால் உங்கள் இடது தோள் காயிலின் மேலேயே கிடக்கிறது. கசிகிற துடிப்பை உங்கள் பெட்டி இதயத்துடிப்பு என்று நம்பிவிட்டது. சரி, அடிக்கிறது என்று சும்மா இருந்துவிட்டது. உங்கள் இதயமோ அடிக்கவில்லை. கண் இருட்டி, காது அடைத்து, இன்ஜின் சத்தம் உங்களை விட்டுப் போயிருக்கிறது. நிமிர்ந்ததும் எல்லாம் திரும்பியிருக்கிறது.

இன்ஜின் ஒரு தடவைகூட மிஸ் ஆகவில்லை. மிஸ் ஆனது நீங்கள். இன்னும் ஒட்டிக் கேளுங்கள் என்று எழுதியது நான். துடிப்பைக் கூட்டச் சொன்னதும் நான். நாலாவது சிலிண்டரில் நீங்கள் அதன்மேலேயே விழாமல் பின்பக்கமாகச் சரிந்ததால்தான் இன்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளியிடம் நானே போனில் பேசி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். காரணத்தைச் சொல்லாமல் முடியவில்லை. அதற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். பழைய பிளக்குகளை மாட்ட ஆட்கள் வருகிறார்கள். பழையதானாலும் நீங்கள் அதன் அருகில் போகக்கூடாது, டாக்டரிடம் கேட்டுவிட்டேன். உங்களை ஐஸ் விற்பவர் என்றே நினைத்திருக்கிறார் அவர்.

அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, மிஸ்ஸிங் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடு, பிழைத்துப் போ என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்களாம். எழுதிவிட்டேன் மாமா. இரண்டையும் எழுதினேன். மிஸ்ஸிங் இல்லை. துடிப்பு கசிகிறது, பேஸ்மேக்கர் வைத்த ஒருவர் அதனால் விழுந்தார், காயிலுக்குக் கவசம் போட்டு முதலிலிருந்து சோதிக்க வேண்டும். கத்தரிக்கோல் படித்துவிட்டு, கவசத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். குழு இருக்குமா, கலையுமா, தெரியாது.

ஒரே ஒரு கேள்வி. யானை வேண்டாம், புறா வேண்டாம். பயமாக இருந்ததா?

மருமகள்

&nbsp;

ஏப்ரல் 15

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று விதமாக ஆரம்பித்தேன். முதலாவதில் எமன் என்னைப் பார்க்க வந்து, ஐஸ் அறைக் குளிரில் ஜலதோஷம் பிடித்துத் திரும்பிப் போனான். அத்தை படித்துவிட்டு, "அவ என்ன கேட்டா, நீங்க என்ன எழுதுறீங்க" என்றாள். கிழித்துவிட்டேன். மற்ற இரண்டும் அப்படித்தான் போயின.

முதலாளி வீட்டுக்கே வந்தார். வேலை போச்சு என்று நினைத்து எழுந்து நின்றேன். "உட்காருய்யா, நீ நின்னா எனக்குப் பயமா இருக்கு" என்றார். இப்போது என் நாற்காலி தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே, சன்னலுக்குக் கீழே. இன்ஜின் பனிக்கரடி கையில். நான் சன்னல் வழியாகக் கத்துகிறேன், அவன் கேட்காத மாதிரி நடிக்கிறான். அவனுக்குத்தான் இரண்டு காதும் நன்றாக இருக்கிறதே. விழுந்தவனை இழுத்து வெளியே போட்டவன் அவன். இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் அவனைப் பிடிக்க முடியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

சத்தம் முதலில் மெதுவாகத் தூரம் போனது. இன்ஜின் போகிறது என்று நினைத்தேன். பிறகு என் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரும் எங்கேயோ தூரத்தில் இருந்தது. இது இன்ஜின் இல்லையோ என்று எனக்கு முன்பே ஒரு சந்தேகம் உண்டு, மருமகளே. பனிக்கரடி முகத்தைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே. ஆனால் மிஸ்ஸிங் இன்ஜினிலேயே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இன்ஜினென்றால் கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய எனக்குத் தெரியும்.

அதனால் உன் வேலைக்கு வந்த ஆபத்தை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீ உண்மையை எழுதியது சரிதான். எழுதாதே என்று சொன்னபோதும் அது சரியென்று எனக்குத் தெரியும்.

பயமாக இருந்தது. இப்போதும், சாயங்காலம் வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும்போது, இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினால் என் கை தானாகச் சட்டைக்குள் போய் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. இருக்கிறது.

கவசம் போட்டதும் உன் மின்னல் பெட்டிகளை இங்கேயே அனுப்பு. முதலாளியிடம் கேட்டுவிட்டேன். நான் சுவருக்கு வெளியேதான் இருப்பேன்.

சாப்பிட்டாயா. இந்தத் தடவை கேட்பது அத்தை இல்லை.

மாமா